அடு என்றால் கூட்டு

சென்ற வாரம் கொட்டாஞ்சேனைக் கராஜிலிருந்து அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஃபோர்மனாக இருப்பவர்தான் பேசினார்.

“பாஸ், உங்கட தண்ணி வீடியோ திரும்பவும் சுத்துது. ஆக்கள் அதை ஏ.ஐ. செய்ததெண்டு எழுதுறாங்கள். நீங்க கொமென்ட்ஸ் ஒண்டையும் வாசிக்காதீங்கோ.”

வாசிக்காதே என்றால் வாசிக்காமல் இருக்கிற ஆள் நான் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மூன்று மொழியிலும் இருந்த அத்தனை கொமென்ட்டையும் வாசித்தேன். ஒரு பெண் பிள்ளை, மண்ணில் ஓட வேண்டிய டேர்ட் பைக்கை வாவித் தண்ணீருக்கு மேலே ஓட்டிக்கொண்டு போகிறாள். அது நடக்கவே முடியாத காரியமாம். ஒருவர் பெரிய துப்பறிவாளர் மாதிரி எழுதியிருந்தார்: “படகில் நிற்கிற கிழவனின் கையைப் பாருங்கள். வாய்க்குள் போய் முளைத்திருக்கிறது. ஏ.ஐ.க்குக் கை வரையத் தெரியாது.” அதற்குக் கீழே ஒரு கூட்டமே சிரிப்புப் படம் போட்டிருந்தது.

அந்தக் கிழவன் நான்தான். அந்தக் கையும் என் கைதான். அது ஏன் வாய்க்குள் போனது என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால்தான் எனக்கு நித்திரை வரும்.

என் பெயர் கணேசன். கராஜில் கணேஸ் பாஸ். கைவேலை தெரிந்தவரைக் கொழும்பில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சாவகச்சேரியில் பிறந்து, பம்பலப்பிட்டியில் படிக்க வந்து, புத்தகத்தை விட என்ஜின்தான் எனக்கு விளங்குகிறது என்று கண்டுபிடித்த வயதில் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பெட்ரோலில் பாகங்களைக் கழுவினேன். அதற்குப் பிறகு கழற்றினேன், பூட்டினேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தொழிலை எனக்குள் இறக்கியவர் மொதலாளி ரஷீத் நானா. அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

நானா ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. வெள்ளைச் சாரம், வெள்ளை பனியன். ஒயில் கறை பட்டு நான் கண்டதே கிடையாது. மோட்டார் சைக்கிள் ஒன்றை டியூன் பண்ணும்போது ஒருவர் மேலே இருந்து த்ரொட்டிலைப் பிடிப்பார். இன்னொருவர் பின்னால் குந்தியிருந்து சைலன்ஸருக்குக் காதைக் கொடுப்பார். நானா கராஜ் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் புதிதாகக் குந்திய நாளில், “கூட்டு, கூட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டு” என்று கத்தினேன். நானா கண்ணைத் திறக்காமலே, ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்கிற தன் வீட்டுத் தமிழில் சொன்னார்.

“என்னத்துக்கு கத்துற? அவனுக்கு வேல சொல்லாத. அவனுக்கு கை ஈக்கி, மூள ஈக்கி. நீ கேட்டத மட்டும் சொல்லு.”

கேட்டதை மட்டும் சொல்வதற்கு அந்தக் கராஜில் இரண்டே இரண்டு சொற்கள் இருந்தன. வெல்டர் சிங்களவர், நான் யாழ்ப்பாணத்தான், நானா கொழும்பு முஸ்லிம். மூவருக்கும் பொதுவாக இருக்கட்டுமென்று சிங்களத்திலிருந்து எடுத்த சொற்கள். என்ஜின் போதாமல் ஓடினால் ‘அடு’. அதாவது குறைவாக இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஓடினால் ‘வெடி’. அதாவது கூடிப் போயிற்று. ஆகவே ‘அடு’ என்று கேட்டால் த்ரொட்டிலில் இருப்பவர் கூட்டுவார். ‘வெடி’ என்றால் குறைப்பார். வெளியில் ஒரு கடையிலோ பஸ்ஸிலோ ‘அடு’ என்றால் எல்லோரும் குறைக்கத்தான் பார்ப்பார்கள். விலையையும் குறைப்பார்கள், வேகத்தையும் குறைப்பார்கள். எங்கள் கராஜ் வாசலைத் தாண்டியவுடன் அந்தச் சொல் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது சொல் கிடையாது. சரியாக இருந்தால் நானா ஒன்றும் சொல்லமாட்டார். “சரியா ஈந்தா அதுக்கு என்னத்துக்கு பேச்சு?” என்பார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் வாயால் ‘நல்ல வேலை’ என்று நான் ஒரு தரம் கேட்டதில்லை. அவர் பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போனால், அதுதான் எங்களுக்குச் சான்றிதழ்.

‘வெடி’யால் ஒரு கூத்தும் நடந்தது. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி இருந்த காலம். ஸ்கூட்டர் திருத்த வந்த ஒரு தமிழ்க் கிளார்க் ஐயா வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் சைலன்ஸர் பக்கமிருந்து “வெடி! வெடி!” என்று கத்தினேன். மனிதர் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, கிளாஸோடு கொச்சிக்கடைப் பக்கம் எடுத்தார் ஓட்டம். மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தார். கழுவிய கிளாஸைக் கையில் வைத்திருந்தார். நானா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சொல்லை மாற்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு ஷாமினி கராஜுக்கு வந்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். மண் பாதையில் டேர்ட் பைக் ஓட்டப் போட்டிகளில் ஓடுகிறவள்; பெண்கள் அதிகம் இல்லாத இடத்தில் ஆண்களோடு ஓடி, பலமுறை அவர்களுக்கு முன்னால் வந்தவள். ஒரு குளிர்பான விளம்பரத்துக்கு அவளைப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் மேல் பைக் ஓட வேண்டும்.

“அங்கிள், ஓடுமா?” என்று கேட்டாள்.

“பைக் ஓடும். நீர் கையை விடாமல் இருந்தால்” என்றேன்.

“நான் கையை விடமாட்டன். ஆனா ஒண்டு. அவங்கள் என்ர உயரத்தில ஒரு ஸ்டண்ட்காரரையும் ஆயத்தமா வைச்சிருக்கிறாங்கள். என்ர ஜாக்கெட், என்ர ஹெல்மெட், ஒரு பொய்ப் பின்னலும் செய்து வைச்சிருக்கு. நான் பிழைவிட்டா அவர் ஓடுவார், முகத்துக்கு மட்டும் என்னைக் காட்டுவாங்கள். என்ர முகத்தை வைச்சு வேற ஆள் ஓடினா, நான் பிறகு எந்த மூஞ்சியோட ஸ்டார்ட் லைன்ல போய் நிக்கிறது?”

அவள் கேட்டது நியாயம். நான் அன்றே வேலையைத் தொடங்கினேன்.

செய்த வேலையைச் சொல்கிறேன், ஏ.ஐ. என்கிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இருநூற்றைம்பது சீசீ, டூ ஸ்ட்ரோக். முன் சில்லுக்குக் கீழே ஒரு சறுக்குப் பலகை, அலுமினியத்தில். மூக்கு மேலே வளைந்திருக்க வேண்டும், வளையாவிட்டால் தண்ணீரைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். என்ஜினுக்குக் கீழே இன்னொரு பெரிய பலகை. பின் டயரில் துடுப்பு மாதிரி ரப்பர் தகடுகள் வரிசையாக நிற்கும். பைக்கைத் தள்ளுவது அதுதான். காற்று இழுக்கும் குழாயைப் பெட்ரோல் தாங்கிக்கு மேலே ஏற்றினேன், சைலன்ஸரை இருக்கைக்குப் பின்னால் வானம் பார்க்க வைத்தேன். வயர் பொருத்துகளுக்கெல்லாம் கிறீஸும் சிலிக்கோனும். கடைசியாக, சட்டத்தில் ஒரு நீளக் கயிறு, அதன் நுனியில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் கான். பைக் தாழ்ந்தால் கான் மிதந்து இடத்தைக் காட்டும். அந்தக் கானைக் கட்டியபோது ஷாமினி முகத்தைச் சுளித்தாள். “பிள்ளை, கோவிக்காதையும், இது நாங்கள் திமிரா இல்லையெண்டு கடவுளுக்குக் காட்டுறதுக்கு” என்றேன்.

தண்ணீர் மேல் ஓடுவதற்கு ஒரே சட்டம்தான். வேகம் இருக்கும்வரை தண்ணீர் தாங்கும். வேகம் விழுந்தால் பைக்கும் விழும். கரையில் பிரேக் பிடித்துச் சமாளிக்கிற வேலையெல்லாம் அங்கே இல்லை. ஆனால் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் இரைச்சலில் ஓடுகிறவருக்குத் தன் என்ஜினின் சுருதி சரியாகக் கேட்காது. பக்கத்தில் படகில் நிற்கிறவருக்குக் கேட்கும். அதனால் நான் ரேடியோவோடு படகில். அவள் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும். இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு சொல்லை முடிவு செய்தோம்: ‘குடு’. நான் ‘குடு’ என்றால் அவள் த்ரொட்டிலைக் கொடுக்க வேண்டும். வேறு சொல் தேவையில்லை. நல்ல ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பொல்கொடை வாவியில் ஒரு ஒடுங்கிய இடம். கரைக்குக் கரை நூற்றைம்பது மீற்றர் வரும். நானா அப்போது எண்பதைத் தாண்டியவர். பேரனின் காரில் வந்து, குடைக்குக் கீழே கதிரை போட்டு அமர்ந்திருந்தார். டைரக்டர் தொப்பியைப் பின்பக்கமாகப் போட்ட ஒரு சிங்களத் தம்பி. வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டண்ட்காரர் தெமட்டகொடைக்காரர், நல்ல கட்டான ஆள். ஷாமினியின் ஜாக்கெட் மாதிரியே ஒன்றைப் போட்டு, பொய்ப் பின்னலை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஷாமினி சரிவில் பலகை வழியே இறங்கினாள். மூன்றாம் கியர். முன் பலகை தண்ணீரில் அறைந்தது, மூக்கு நிமிர்ந்தது, பின்னால் தண்ணீர் ஒரு மதில் உயரத்துக்கு எழுந்தது. ஐயோ, என்ன அழகு! என்னை மறந்து கை தட்டினேன். ஐம்பது மீற்றர், அறுபது. என் படகுக்கு நேரே வரும்போது சுருதி கொஞ்சம் இறங்கியது. முன்பக்கம் தண்ணீரைக் கூடுதலாகக் கடிக்கிறது, இன்னும் கொடுக்க வேண்டும். ரேடியோவை அழுத்திக் கத்தினேன். அவள் கொடுக்கவில்லை. திரும்பவும் கத்தினேன். சுருதி ஏறவில்லை, இறங்கியது. முன்மூக்கு சாய்ந்தது. பைக் தண்ணீருக்குள் போயிற்று. அவள் லைஃப் ஜாக்கெட்டோடு மேலே வந்தாள். பக்கத்தில் என் வெற்றுக் கானும் மிதந்தது.

கரையில் ஒரே பேச்சு. “பய வுணா” என்றார்கள். பயந்துவிட்டாளாம். ஒருவர் சொல்லி, அவரிடமிருந்து அடுத்தவர் வாங்கி, தேத்தண்ணி ஊற்றுகிறவர் வரைக்கும் அந்தச் சொல் போயிற்று. டைரக்டர் என்னிடம் வந்து கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

“என்ஜினில் ஒரு பிழையும் இல்லை. அவதான் த்ரொட்டிலைக் குறைச்சது” என்று சொன்னேன்.

ஷாமினி துவாயைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் நின்றாள். என்னைப் பார்த்தாள். டைரக்டர் மரத்தடிப் பக்கம் கை காட்ட, ஸ்டண்ட்காரர் எழுந்து பின்னலை ஹெல்மெட்டில் பொருத்தத் தொடங்கினார்.

நான் என் வேலையைப் பார்த்தேன். கானின் கயிற்றைப் பிடித்து பைக்கைக் கரைக்கு இழுத்து, பெட்ரோலை மூடி, ப்ளக்கைக் கழற்றி, நான்கு பேரைப் பிடித்து பைக்கைத் தலைகீழாகத் திருப்பினோம். தண்ணீர் என்ஜினுக்குள் நிற்கும்போது யாராவது கிக்கரை மிதித்தால் உள்ளே பிஸ்டன் கம்பி வளைந்துவிடும். அதனால் மிதிக்காமல், கியரைப் போட்டுப் பின் சில்லைக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரைத் துப்ப வைக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழுவினேன். சைலன்ஸரைக் கழற்றி நட்டுக்குத்தாக நிறுத்தினேன். கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது, மாற்றினேன். இதெல்லாம் நடக்கும்போது எனக்குப் பின்னால் டைரக்டர் எடுத்த படத்தைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படகிலும் ஒரு கமரா வைத்திருந்தார்கள். சத்தம் நன்றாகக் கேட்டது.

என்ஜின் பாடிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் இறங்குகிறது. அப்போது ஒரு குரல், “அடு!” உடனே சுருதி ஒரு படி இறங்குகிறது. திரும்பவும் அதே குரல், “அடு! அடு!” இன்னொரு படி இறங்குகிறது. பிறகு சளக் என்று தண்ணீர்.

அந்தக் குரல் என்னுடையது.

கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. ‘குடு’ என்று சொன்னேன் என்றுதான் நான் சத்தியமாக நினைத்திருந்தேன். ஒரு கிழமையாகப் பழகிய சொல், முப்பத்தைந்து வருடச் சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை. அவள் எங்கள் கராஜ் ஆளா? வெள்ளவத்தைப் பிள்ளை. ஓட்டோக்காரருக்குச் சொல்கிற ‘அடு’தான் அவளுக்குத் தெரியும். குறைக்கச் சொன்னேன், குறைத்தாள். பயந்த கை த்ரொட்டிலை ஒரேயடியாக விட்டுவிடும். அவள் படி படியாக, சொன்னது சொன்னபடி இறக்கியிருந்தாள்.

“நீர் ஏன் சொல்லேல்லை?” என்று அவளிடம் கேட்டேன்.

“நீங்கதான் ‘அடு’ எண்டீங்க, பிறகு டைரக்டரிட்ட நான்தான் குறைச்சதெண்டீங்க. நீங்க அப்பிடிச் சொன்ன பிறகு நான் சொன்னா ஆர் நம்புவினம்?” என்றாள். அழுவதை நான் பார்க்கக் கூடாதென்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். எனக்கு வந்த வெட்கத்தை எழுத முடியாது.

நேரே டைரக்டரிடம் போனேன். “வரத மகே” என்று சிங்களத்தில் சொன்னேன். குற்றம் என்னுடையது. கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கத்தான் சொன்னேன். ‘பய வுணா’ எவ்வளவு தூரம் போனதோ, அவ்வளவு தூரம் இதுவும் போக வேண்டும். கராஜ் சொல்லையும் விளங்கப்படுத்தினேன். தம்பி பொறுமையாகக் கேட்டார். விளங்குகிறது பாஸ், ஆனால் வெளிச்சம் ஒரு ஓட்டத்துக்குத்தான் இருக்கிறது, எனக்கு நிச்சயமான ஆள் வேண்டும் என்றார்.

என் சட்டைப் பையில் பைக்கின் ப்ளக் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

“இது இல்லாமல் அது ஓடாது, மாத்தயா. அந்தப் பிள்ளை ஏறினால் இதைப் பூட்டுவேன். வேறு யார் ஏறினாலும் இது என் பையிலேயே வீட்டுக்கு வரும்.”

டைரக்டர் ஸ்டண்ட்காரரைப் பார்த்தார். அவர் பொய்ப் பின்னலைப் பிய்த்து எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, ஷாமினியிடம், “நங்கி, ஓயா யன்ன” என்றார். தங்கச்சி, நீ போ. சொல்லிவிட்டு மிச்சக் கொத்து ரொட்டியைச் சாப்பிடப் போய்விட்டார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

குடைக்குக் கீழே இருந்து நானா என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். போனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல வார்த்தை வரப் போகிறது என்று நினைத்தேன்.

“கணேசு” என்றார். “வாய் வெடி.”

அவ்வளவுதான். வாய் கூடிப் போயிற்றாம். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ஷாமினிக்கு இந்தச் சொல்லாவது இப்போது விளங்கியது. துவாய்க்குள் சிரித்தாள். பிறகு என்னிடம், “அங்கிள், ரேடியோ உங்களிட்டயே இருக்கட்டும். சரியெண்டா ஒண்டும் சொல்லாதீங்கோ. நீங்க பேசாமல் இருந்தா சரியெண்டு நினைச்சு ஓடுவன்” என்றாள். நானாவிடம் இல்லாத அந்த மூன்றாவது சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே கேட்டாள்.

ப்ளக்கைப் பூட்டினேன். ஏழாவது மிதியில் பிடித்தது.

இரண்டாவது ஓட்டம். சரிவு, பலகை, அறை, தண்ணீர் மதில். ஐம்பது மீற்றர். அறுபது. அதே இடத்தில், அதே மாதிரி, சுருதி கொஞ்சம் இறங்கியது. என் தொண்டைக்குள் ‘குடு’வும் ‘அடு’வும் ஒன்றாக முண்டியடித்துக்கொண்டு வந்தன. எது முதலில் வெளியே விழும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விரல் ரேடியோவில் இருந்தது. மற்றக் கையை எடுத்து, பெருவிரல் அடிவரைக்கும் வாய்க்குள் திணித்துக் கடித்தேன்.

அவள் ஒரு சாண் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து, த்ரொட்டிலைக் கொடுத்தாள். யாரும் சொல்லாமல், தானாக. முன்மூக்கு எழும்பியது. சுருதி ஏறியது. என் படகைத் தாண்டி, நாணல் பக்கம் தாண்டி, மற்றக் கரைச் சேற்றில் ஏறி, புல்லில் நின்று, காலை ஊன்றினாள். கரை முழுக்கக் கை தட்டி ஆரவாரித்தது. குடைக்குக் கீழே நானா எழுந்து, யாரிடமும் ஒரு சொல் பேசாமல், தேத்தண்ணி இருந்த பக்கம் நடந்தார்.

ரேடியோவில் மூச்சு வாங்குகிற குரல் வந்தது.

“அங்கிள்... அடுவா? வெடியா?”

நான் பதில் சொல்லவில்லை. கண்ணால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வாயில் கை இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவளே, “ஓம், விளங்கினது” என்றாள்.

ஆகவே, கொமென்ட் எழுதிய தம்பி, அந்தக் கையில் இப்போதும் நான்கு பல் அடையாளம் இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.